தேமல் வள்ளம்

இரண்டு தபால் முத்திரைகளை அருகருகே வைத்தால் எவ்வளவோ, அவ்வளவுதான் அந்தத் தகடு. வெறும் அலுமினியம். இரண்டு ஓரத்திலும் திருகாணித் துளை. மேலே ஏதோ ஒரு நாட்டு எழுத்து. அதன் கீழே இங்கிலிசில் ஓர் எண். நிமிடத்துக்கு ஆறாயிரத்து ஐந்நூறு சுற்று என்று அர்த்தம். என் அடையாள அட்டை, கலியாணப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள் எல்லாம் இருக்கிற பிஸ்கற் பேணிக்குள் அதுவும் கிடக்கிறது. எத்தனையோ வீடு மாறினேன். நல்ல நல்ல சாமான்களெல்லாம் தொலைந்தன. இது மட்டும் தொலைய மாட்டேன் என்று நிற்கிறது. என் மனைவி ஒருமுறை எடுத்துப் பார்த்து, இது என்ன குப்பை என்று கேட்டாள். பழைய மெசின் ஒன்றினுடையது என்று சொல்லிப் பேணியை மூடினேன்.

அந்த மெசின் என் அத்தானுடையது. வள்ளத்தை மினுக்குவதற்கென்று கொழும்பில் அதைத் தெரிவு செய்து, விலை பேசி, வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். பிறகு அந்தத் தகட்டைக் கழற்றிக் காற்சட்டைப் பைக்குள் போட்டவனும் நான்தான். ஏன் கழற்றினேன் என்பதை அத்தானுக்கு அவர் இருக்கும்வரை சொல்லவில்லை. இப்போது எழுதுவதால் ஆருக்கு என்ன லாபம் என்று கேட்டால் ஒருவருக்கும் இல்லை. ஆனாலும் இனியும் பேணிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டிருக்க எனக்கு ஏலாது.

அத்தான், அதாவது அக்காவின் கணவர், யாழ்ப்பாணத்துத் தீவுகளில் ஒன்றான நயினாதீவுக்காரர். குறிகட்டுவானுக்கும் நயினாதீவுக்கும் இடையில் ஆட்களை ஏற்றி இறக்குகிற மோட்டார் வள்ளம் ஒன்று வைத்திருந்தார். மெல்லிய மனிதர். அவசரம் என்பதே அவரிடம் கிடையாது. கயிற்றை முடிந்தால் முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பார். பதினெட்டுப் பேர் ஏறினால் பத்தொன்பதாவது ஆள் கோயில் ஐயராய் இருந்தாலும் "அடுத்த நடைக்கு வாங்கோ" என்பார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. என்னை மட்டும் பகிடி பண்ணுவார். கொழும்பில் கந்தோர் ஒன்றில் கிளாக் வேலை கிடைத்து, நான் நீளக் காற்சட்டையோடு முதன்முறை லீவில் வந்து இறங்கியபோது, வள்ளத்தில் இருந்த சனத்துக்குக் கேட்கத்தக்கதாக, "கொழும்பார் வந்திட்டார், தள்ளி இருங்கோ, இனிக் கடலும் விலகி வழி விடும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் 'கொழும்பார்' என்ற பேர் உள்ளுக்குள் எனக்குப் பிடித்திருந்தது. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் அதுவும் ஒரு காரணம் என்று இப்போது நினைக்கிறேன்.

அந்த வள்ளம் மரமல்ல, பைபர். காரைநகரில் கண்ணாடி நாரில் வார்த்தது. எழுபதுகளின் நடுவில் அது வந்த புதிதில் பார்க்க வேண்டும், கடும் நீலம், முகம் பார்க்கலாம். நாலைந்து வருடத்து வெயில் எல்லாவற்றையும் உறிஞ்சிவிட்டது. நீலம் வெளுத்து, கையை வைத்தால் திருநீறு பூசினதுபோல உள்ளங்கையில் வெள்ளை ஒட்டும். உடம்பில் ஒரு பழுதும் இல்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வராது. தோற்றம்தான் போய்விட்டது. அதுவரை அத்தான் அதைப் பற்றிக் கவலைப்படவுமில்லை. ஊர்காவற்றுறையில் அரிசி மில் வைத்திருந்த அவருடைய சிநேகிதர் ஒருவர், விலைக்கு வந்த லோஞ்ச் ஒன்றைப் பாதிப் பாதியாகச் சேர்ந்து வாங்குவோமா என்று கேட்டபோதுதான் கவலை பிறந்தது. லோஞ்ச் என்றால் கூரை உண்டு, உட்கார வாங்கில் உண்டு, கடல் கொந்தளிக்கிற சோளகக் காற்றுக் காலத்திலும் ஓடும். அத்தானுடைய பாதிக்கு இந்த வள்ளத்தை விற்க வேண்டும். பல வள்ளங்கள் வைத்துத் தொழில் செய்கிற பருத்தித்துறைப் பக்கத்துச் சம்மாட்டியார் ஒருவர் வந்து பார்ப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். ஆனி மாதத்து அம்மன் திருவிழாவுக்கு முதல் வந்து பார்ப்பார். பிடித்தால் கையோடு காசு.

சித்திரை வருடப்பிறப்புக்கு நான் போயிருந்தபோது குசினிக்குள் இருந்து இதைத்தான் கதைத்தோம். தேங்காய்த் தும்பும் துணியும் வைத்துக் கையாலேயே தேய்த்து எடுக்கலாம் என்பது அத்தானின் யோசனை. "பத்து நாள் பிடிக்கும். பிடிச்சால் என்ன?" என்றார். நான் விடவில்லை. கொழும்பில் கார் பெயின்ற் அடிக்கிற கராஜில் கரண்டில் சுற்றுகிற மெசின் ஒன்றைக் கண்டிருந்தேன். முன்னால் கம்பளி வட்டு ஒன்று. களிம்பைப் பூசிப் பிடித்தால் பழைய கார் கண்ணாடியாகிவிடும். வெளிநாட்டுச் சாமான்கள் புறக்கோட்டையில் வந்து குவியத் தொடங்கியிருந்த நேரம் அது. "அரை நாள் வேலை அத்தான். நான் பார்த்து வாங்கியாறன்" என்றேன். யாழ்ப்பாணத்தில் கார் பெயின்ற் அடிக்கிறவர் ஒருவரிடம் வாடகைக்கு எடுக்கலாமே என்று அக்கா கேட்டாள். வாடகை மெசின் பல ஆள் கை பட்டுத் தேய்ந்துபோயிருக்கும் என்று அதையும் வெட்டினேன். அக்கா கிடாய் இரண்டை விற்று வைத்திருந்த காசைக் கைலேஞ்சியில் முடிந்து தந்தாள். "மலிவாய்ப் பார், ஆனால் நல்லதாய்ப் பார்" என்றாள்.

புறக்கோட்டையில் நான் போன கடை புங்குடுதீவு முதலாளி ஒருவருடையது. அம்மா வழியில் எனக்குப் பெரியப்பா முறை. அவர் மேசையில் இரண்டு மெசின்களை எடுத்து வைத்தார். ஒன்று பாரம், பின்பக்கத்தில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகு, எவ்வளவு கூட்டினாலும் இரண்டாயிரத்தைத் தாண்டாது. மற்றது கைக்கு அடக்கம், பச்சை நிறம், பார்க்க வடிவு, விலையும் மற்றதின் அரைவாசிக்குச் சற்றுக் கூடத்தான். இரண்டுக்கும் அதே கம்பளி வட்டுப் பொருந்தும். பிறகு என்ன வித்தியாசம் என்று கேட்டேன். பச்சை மெசினின் பக்கத்தில் இருந்த தகட்டில் விரலை வைத்தார். "உதைப் பாரும் தம்பி. ஆறாயிரத்து ஐந்நூறு. இது இரும்புக்கு. துரு எடுக்க, வெல்டிங் தேய்க்க. உந்தப் பைபருக்குப் பிடிச்சால் சூட்டிலை மேற்பூச்சை எரிச்சுப் போடும். வள்ளத்துக்கு மற்றதைத்தான் கொண்டுபோம்" என்றார். ஒளிவு மறைவில்லாமல், பச்சைப்பிள்ளைக்கு விளங்குகிற மாதிரித்தான் சொன்னார்.

எனக்கு விளங்கியது வேறு. எங்கள் தீவுச் சனத்துக்கு ஒரு பழக்கம். ஊரான் கடையைத் தேடித்தான் போவோம். போனபிறகு ஊரான் சொல்வதை மட்டும் நம்பமாட்டோம். விலை கூடினதைத் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று எண்ணிக்கொண்டேன். அக்கா தந்த காசு பாரமான மெசினுக்குக் கொஞ்சம் குறைந்தது. முதலாளி என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "குறையிறதைப் பேந்து தாரும், என்ன அவசரம், எங்கடை பிள்ளைதானே நீர்" என்றார். அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. ஊரானிடம் ஒரு ரூபா கடன் வைத்தால் நான் கரை சேருமுன் செய்தி கரை சேர்ந்துவிடும். கொழும்பில் உத்தியோகம் பார்க்கிறவன் பெரியப்பா கடையில் கடன் சொன்னான் என்று குறிகட்டுவான் இறங்குதுறையில் கதைப்பார்கள். எனக்கு அது ஏலாது. "இல்லை, இது காணும்" என்று பச்சை மெசினைப் பிடித்தேன். அதிலும் பெரியப்பா முறையைச் சொல்லி விலை குறைத்தேன். மடையன் நான். அவர் பெருமூச்சு விட்டுப் பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டே, "எண்டால் ஒண்டு சொல்லுறன், அத்தானிட்டைச் சொல்லும். ஒரு இடத்திலையும் நிப்பாட்டி வைச்சிருக்கக் கூடாது. தொட்டதும் எடுக்கவேணும், தொட்டதும் எடுக்கவேணும்" என்று இரண்டுதரம் சொன்னார்.

அதை நான் அத்தானிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் இது சரியான மெசின் இல்லை என்பது வெளிவந்துவிடும். மெயில் வண்டியில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போகும்போதே, அது பெரிய விஷயமில்லை, கையில் பிடித்தால் தானாகப் பழகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எங்கள் பக்கம் அப்போது கரண்ட் இல்லை. ஆகவே வள்ளத்தை ஊர்காவற்றுறைக்குக் கொண்டுபோய், மில்காரரின் காணிக் கரையில் இழுத்து ஏற்றினோம். மில்லுக்குள்ளிருந்து நீளமாக வயர் இழுத்தாயிற்று. களிம்புப் பேணியில் இங்கிலிசில் எழுதியிருந்ததை நான் பெரிய மனுசன் மாதிரி உரத்து வாசித்தேன்: முதலில் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். மில் கிணறு சவர், வாயில் வைத்தால் கரிக்கும். நல்ல தண்ணீர்க் கிணறு அரை மைல் தள்ளி இருந்தது. அங்கே எப்போதும் குடத்தோடு பெண்கள் வரிசையில் நிற்பார்கள். அத்தான் சிரித்தார். "சனம் குடிக்கிற தண்ணிக்கு வரிசையிலை நிக்குது. நாங்கள் போய் வள்ளத்தைக் குளிப்பாட்டப் பத்து வாளி தாங்கோ எண்டால் அடிக்க வராதுகளோ?" என்றார். தீவில் பிறந்த எவனும் அப்படித்தான் சொல்வான். நல்ல தண்ணீரை நாங்கள் நிலத்தில் சிந்துவதில்லை, முகம் கழுவிய தண்ணீரைக்கூடக் கத்தரிக்கு ஊற்றுகிறவர்கள். கடல் பக்கத்தில் கிடக்கிறதே. வாளியால் அள்ளி ஊற்றிக் கழுவினோம். வெயிலில் அது உடனே காய்ந்தது.

முதலில் நான்தான் பிடித்தேன். விமானம் கிளம்புவதுபோல ஒரு சத்தம். மில்லுக்கு நெல் கொண்டுவந்த சனமெல்லாம் எட்டிப் பார்த்தது. ஒரு முழ அகலத்தில் இரண்டு இழுப்பு இழுத்துத் துணியால் துடைத்தேன். ஐயோ, அந்த நீலத்தை எப்படிச் சொல்ல! புதிதாய் வந்த அன்றிருந்த அதே நீலம். அத்தான் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தார். அவருடைய முகம் அதற்குள் தெரிந்தது. மீசையை ஒதுக்கிக்கொண்டார். "கொழும்பார், நீர் சரியான ஆள்தான்" என்றார். அதில் பகிடி இல்லை. என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் என்னால் மறக்க முடியாதது அதுதான். வேறு காரணத்துக்காக.

பிறகு மெசினை அவர் வாங்கிக்கொண்டார். தன்னுடைய வள்ளம், தானே செய்ய வேண்டும் என்றார். எதையும் நிதானமாகச் செய்கிறவர் இதையும் அப்படியே செய்தார். ஓர் இடத்தில் வைப்பார், வட்டை அழுத்துவார், திருப்திப்படும்வரை அசையமாட்டார், பிறகு அடுத்த இடம். என் நாக்கு நுனியில் அந்த முதலாளி சொன்னது நின்றது. ஒருமுறை, "அத்தான், கொஞ்சம் கெதியா இழுங்கோவன்" என்று மட்டும் சொன்னேன். "அவசரப்பட்டால் அலங்கோலம்" என்றார். காலை முழுவதும் ஒரு பக்கத்தைச் செய்து முடித்தார். மேலே களிம்பு காய்ந்து வெள்ளையாய்ப் படிந்திருந்ததால் உள்ளே நடந்தது ஒன்றும் தெரியவில்லை. ஏதோ தீய்ந்த மணம் வந்தது. புது மெசின், சூடேறுது என்றேன்.

தண்ணீர் ஊற்றித் துடைத்தபோது எல்லாம் தெரிந்தது. நீலத்தின் நடுவே, சோற்றுக் கோப்பையளவில், இடைக்கிடை மஞ்சளும் வெள்ளையுமாகத் தேமல். பன்னிரண்டோ பதின்மூன்றோ. இரண்டு இடத்தில் மேற்பூச்சு முழுக்கப் போய் உள்ளே நார் தெரிந்தது. அவற்றுக்கிடையில் வளையம் வளையமாக மெல்லிய கீறல்கள். அத்தான் துணியைக் கையில் பிடித்தபடி நின்றார். அழித்துவிடலாம் என்று நினைத்தவர்போல ஒரு தேமலைத் திரும்பத் திரும்பத் துடைத்தார். மில்காரர் வந்து நின்று, "என்னடாப்பா இது?" என்றார். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அப்போது என் வாயிலிருந்துதான் வந்தது: "உப்பு அத்தான். உப்புத் தண்ணியாலை கழுவினதுதான். நல்ல தண்ணியெண்டு பேணியிலை எழுதிக் கிடந்தது. நான் வாசிச்சனான்தானே."

அத்தான் என்னைப் பார்க்கவில்லை. சுட்டுவிரலால் வள்ளத்தைத் தொட்டு நாக்கில் வைத்தார். உப்புத்தான் கரித்திருக்கும். கடல் தண்ணீர் காய்ந்த இடம் வேறு எப்படி இருக்கும்? தலையை ஆட்டி, "ஓம். நீர் வாசிச்சனீர். நான்தான் கேக்கேல்லை" என்றார். நான் செய்ததில் எது பெரிய பாவம் என்று யாராவது கேட்டால் மெசின் வாங்கியதைச் சொல்லமாட்டேன். இந்த நிமிடத்தைச் சொல்வேன்.

அவர்கள் இருவரும் மில்லுக்குள் போனதும் வட்டு இறுக்க வைத்திருந்த திருப்புளியால் தகட்டைக் கழற்றினேன். அவசரத்தில் ஒரு திருகாணி மணலில் விழுந்து காணாமல் போனது. மில்காரர் இயந்திரங்களோடு வாழ்கிற மனிதர். எண்ணைக் கண்டால் பிடித்துவிடுவார் என்ற பயம். பின்னேரம் அவர் மெசினைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்தான். "இதிலை ஏதோ தகடு இருந்த அடையாளம் கிடக்குது?" என்று கேட்டார். "கடையிலையே இல்லை" என்றேன். ஒரு பொய் சொன்னால் அடுத்தது தன்பாட்டில் வந்துவிடுகிறது.

வள்ளத்தைத் திரும்ப நயினாதீவுக் கரைக்குக் கொண்டுவந்த பிறகு, சம்மாட்டியார் சொன்ன நாளில் வந்தார். வள்ளத்தைச் சுற்றி நடந்தார். ஒரு பக்கம் தேமல், மறு பக்கம் பழைய திருநீற்று வெள்ளை. தேமலை நகத்தால் சுரண்டிப் பார்த்து, "இது நெருப்பிலை கிடந்த வள்ளம் போலக் கிடக்கு" என்றார். அத்தான் பதறி, நெருப்பில்லை, உப்புத் தண்ணியால் கழுவிவிட்டு மெசின் பிடித்ததால் வந்தது, பிழை தன்னுடையது என்று விளக்கினார். சம்மாட்டியார் பொறுமையாகக் கேட்டார். "உப்பிலை கிடக்கிறதுக்குத்தானே ராசா வள்ளம்?" என்றார். அக்கா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். அந்த மனிதர் உண்மையை எங்கள் முற்றத்தில் வைத்துவிட்டுப் போனார். அத்தான் அதை எடுக்கவில்லை. நான் எடுக்க விரும்பவில்லை. லோஞ்சின் மற்றப் பாதிக்கு மில்காரர் வேறு ஒருவரைச் சேர்த்துக்கொண்டார். அவரையும் குறை சொல்ல முடியாது, லோஞ்ச்காரர் எவ்வளவு நாள் காத்திருப்பார்?

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. திருவிழா முடியுமுன்னமே வள்ளத்துக்குப் பேர் விழுந்துவிட்டது: தேமல் வள்ளம். "தேமல் வருது, ஏறுங்கோ" என்பார்கள் குறிகட்டுவானில். அத்தான் பெயின்ற் வாங்கி அடித்துப் பார்த்தார். அடுத்த வருட வெயிலில் அது உரிந்து, தேமல் மேலும் பெரிதாய்த் தெரிந்தது. அவரும் பகிடியோடு பகிடியாய், "இது தொத்தாத தேமல், பயப்பிடாமல் ஏறுங்கோ" என்பார். சனம் சிரிக்கும். மில்காரர் பாதி போட்ட அந்த லோஞ்ச், கூரையோடும் வாங்கிலோடும், அவரைத் தாண்டிப் போகும். அது எழுப்பிய அலையில் எங்கள் வள்ளம் ஆடும். நான் லீவில் வந்து அதில் உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் காலுக்கடியில் பார்த்தபடி இருப்பேன். மெசினைப் பிறகு மில்காரர் துரு எடுக்க வாங்கிக்கொண்டார். இரும்புக்கு அது அருமையான மெசின் என்று புகழ்ந்தாராம். அக்கா அதைக் கடிதத்தில் எழுதியிருந்தாள்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. வள்ளம் வடிவில்லாமல் போனதால் ஒருவரும் சாகவில்லை. ஆனால் அத்தான் தொடங்கிய புதுப் பழக்கம் இருக்கிறதே, அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காலை நடை முடிந்ததும் நயினாதீவில் இருந்த நல்ல தண்ணீர்க் கிணற்றுக்குப் போவார். மணல் பாதை, சைக்கிள் உருளாது. இரண்டு கையிலும் இரண்டு வாளி. முறை வரும்வரை பெண்களுக்குப் பின்னால் நின்று, அள்ளி, சிந்தாமல் கரைவரை தூக்கிக் காவிவந்து, வள்ளத்தின் வெளிப்பக்கத்தைக் கழுவுவார். பிறகு இன்னொரு நடை. வீட்டில் அக்கா உடுப்புத் தோய்க்கத் தண்ணீர் பற்றாமல் நிற்பாள். வள்ளத்துக்கு நாலு வாளி தவறாது. கிணற்றடியில் பெண்கள் முதலில் ஏசினார்கள், பிறகு விசர் மனுசன் என்று விட்டுவிட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே கதை: "நாலு வாளித் தண்ணிக்குக் கஞ்சத்தனம் பார்த்தனான். ஒரு லோஞ்சே கைவிட்டுப் போட்டுது." மற்ற வள்ளக்காரர்களுக்கும் புத்தி சொன்னார். ஒன்றிரண்டு பேர் அவரைப் பார்த்துக் கழுவவும் தொடங்கினார்கள். கழுவுவது வள்ளத்துக்கு நல்லதுதான், இல்லையென்று சொல்லவில்லை. அந்த மெல்லிய கீறல்களை உப்பே போட்டிருக்கலாம். ஆனால் எரித்தது உப்பில்லை. வள்ளத்தைக் கெடுத்ததும் லோஞ்சைப் போக்கியதும் அந்த எரிவுதான். அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

சொல்லச் சந்தர்ப்பம் இல்லாமலா? எத்தனை வெள்ளிக்கிழமை அவர் பின்னால் வெறுங்கையோடு நடந்திருக்கிறேன். ஒரு வாளியைத் தாங்கோ என்று கேட்டால் தரமாட்டார். "நீர் சொன்னதைக் கேக்காமல் விட்டதுக்கு எனக்கு இது காணாது" என்று சிரிப்பார். அந்தச் சொல்லுக்குப் பிறகு எப்படி வாயைத் திறப்பது? கொழும்பிலோ, அந்த முதலாளியின் கடை இருந்த தெருவால் போவதை விட்டேன். கந்தோருக்கு அதுதான் குறுக்குவழி. நான் சுற்றிப் போனேன். ஒரு நாள் பஸ் தரிப்பில் பிடிபட்டேன். "அத்தான் மெசினைப் பற்றி என்ன சொல்லுறார்?" என்று கேட்டார். "நல்ல சந்தோசம்" என்றேன். நம்பாதவர் மாதிரிப் பார்த்துவிட்டு, "அப்ப சரி" என்றார்.

அத்தானுக்கு நெஞ்சு வருத்தம் வந்தது. பாரம் தூக்கக் கூடாது என்று ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில் டொக்டர் சொன்னார். எஞ்சின் கயிறு இழுக்க ஆள் வைத்துக்கொண்டார். வாளியை மட்டும் விடவில்லை. அக்கா கெஞ்சினாள், கத்தினாள், வாளியை ஒளித்தாள். "அரை வாளி அரை வாளியாய்க் கொண்டுபோறன்" என்றார். அப்படியானால் இரண்டு நடை நாலு நடையாகும். எண்பதுகள் தொடங்கிய பிறகு, ஒரு மாசி மாதத்தில் கந்தோருக்குத் தந்தி வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது.

முப்பத்தோராம் நாள் சடங்குக்கு, அதாவது அந்தியேட்டிக்கு, லீவெடுத்துப் போனேன். தகட்டையும் கொண்டுபோனேன். சாப்பாடு முடிந்து சனம் கலைந்த பின், பின்னேர வெயிலில், அக்காவும் நானும் கரைக்குப் போனோம். வள்ளம் மணலில் கிடந்தது. அதன் பக்கத்தில் குந்தியிருந்து, கடை முதல் கடைசிவரை எல்லாவற்றையும் சொன்னேன். முதலாளி சொன்னது, நான் அத்தானிடம் சொல்லாமல் விட்டது, உப்பின்மேல் பழி போட்டது, தகட்டைக் கழற்றியது. தகட்டை அவள் கையில் வைத்தேன். அக்காவுக்கு இங்கிலிசு தெரியாது, எண் தெரியும். ஒவ்வோர் இலக்கமாக விரலால் தடவினாள். ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும். லோஞ்சைப் பற்றிக் கேட்பாள், கிடாய் விற்ற காசைப் பற்றிக் கேட்பாள் என்று அதற்கெல்லாம் வழி முழுக்கப் பதில் யோசித்து வைத்திருந்தேன். அவள் அதொன்றையும் கேட்கவில்லை. வள்ளத்தைப் பார்த்தாள். கிணற்றுப் பக்கம் போகிற மணல் பாதையைப் பார்த்தாள்.

"அப்ப தம்பி," என்றாள், "அந்த மனுசன் காவின தண்ணி?"

அக்கா தகட்டை என் உள்ளங்கையில் திருப்பி வைத்தாள். எழுந்து சேலையைத் தட்டிவிட்டு, வள்ளத்துக்குள் கிடந்த இரண்டு வாளியையும் எடுத்தாள். அன்று வெள்ளிக்கிழமை என்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. "ஒண்டைத் தா அக்கா" என்று கையை நீட்டினேன். "விடு" என்றாள். கிணற்றை நோக்கி நடந்தாள். உப்பில்லை என்று தெரிந்த பிறகும் நடந்தாள். நான் மணலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலை பேணியைத் திறந்து தகட்டை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் ஒரு கறை இல்லை, ஒரு கீறல் இல்லை. எண் அப்படியே மினுங்குகிறது.